வேர் எது, தண்டு எது? புதிதாகச் செடி வைப்பவர்களுக்கு

எங்கள் தாமான் குடியிருப்புக்குப் போன வருடம் ஒரு தங்கச்சி குடிவந்தார். அதுவரை கோலாலம்பூரில் பதினாலாவது மாடியில் இருந்தவர். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டில் போடும் அளவுக்கு மண் கிடைத்ததும் கை சும்மா இருக்கவில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மரவள்ளிக்கிழங்கு வாங்கி, நாலு துண்டாக வெட்டி, அழகாகப் பாத்தி கட்டி நட்டுவிட்டார். ஒரு மாதம் கழித்து வேலியோரம் வந்து நின்றார்.

"அண்ணே, உருளைக்கிழங்கு கூடைக்குள்ள கிடந்தே முளைச்சிருது. இதுக்குத் தண்ணி ஊத்தி உரமும் போட்டேன், அசைய மாட்டேங்குதே?"

தோண்டிப் பார்த்தோம். நாலு துண்டும் கொழகொழவென்று அழுகிக் கிடந்தன. அதே சமயம் நான் ஆறு வாரத்துக்கு முன் வெட்டி வேலியோரம் எறிந்த மரவள்ளிக் குச்சி ஒன்று, யாரும் நடாமலே, படுத்த வாக்கில் துளிர் விட்டிருந்தது.

உருளைக்கிழங்கு தண்டு, மரவள்ளிக்கிழங்கு வேர். இரண்டையும் கிழங்கு என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம், அதில்தான் புதியவர்கள் ஏமாந்துபோகிறார்கள். எதை நடுவது, எங்கே வெட்டுவது, உரத்தை எங்கே போடுவது, தண்ணீரை எப்போது நிறுத்துவது என்ற எல்லாக் கேள்விக்கும் முன்னால் வருவது இந்தக் கேள்விதான்: கையில் இருப்பது வேரா, தண்டா? தமிழ்ப்பள்ளியில் ஆணிவேர், சல்லிவேர் என்று படம் வரைந்து வண்ணமும் தீட்டியிருப்போம். ஆனால் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. இந்த வாரக் கடைசியில் பார்த்துவிடலாம். வேண்டியவை: ஒரு கூர்மையான சின்னக் கத்தி, ஒரு சங்குள் (மண்வெட்டி), பழைய நாளிதழ், கண்ணாடி டம்ளர், ஒரு பிடி பச்சைப்பயறு. பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும்.

முதல் படி: கணுவைத் தேடுங்கள்

வேலியில் செம்பருத்தி இருக்கும். இந்த நாட்டில் புங்கா ராயா என்கிற செம்பருத்தி இல்லாத வேலி ஏது? பென்சில் கனத்தில் ஒரு குச்சியை ஒடித்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பகுதியில் இலை உதிர்ந்த இடத்தில் ஒரு சின்னத் தழும்பு இருக்கும். அந்தத் தழும்புக்குச் சரியாக மேலே, கடுகு அளவுக்கு ஒரு புடைப்பு. அதுதான் மொட்டு. தழும்பும் மொட்டும் இருக்கும் இடம் கணு. ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவில் உள்ள வெறும் துண்டு கணுவிடை. கரும்பைக் கடித்துத் தின்றவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். பல்லுக்குச் சிரமம் தருவது கணு, சாறு தருவது கணுவிடை.

தண்டு என்றால் கணு இருக்கும். கணுவில் இலை இருக்கும், அல்லது இலை இருந்த தழும்பு இருக்கும், கூடவே ஒரு மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும். வேரில் இந்த ஒழுங்கு கிடையாது. வேரிலும் கிளை உண்டு, ஆனால் அது வேரின் உள்ளிருந்து கிளம்பி மேல்தோலைக் கிழித்துக்கொண்டு, நினைத்த இடத்தில் வெளியே வரும். இலையும் இல்லை, இலைத் தழும்பும் இல்லை.

இப்போது அடுப்படிக் கூடையைக் கவிழ்த்துப் போடுங்கள். உருளைக்கிழங்கின் கண் ஒவ்வொன்றையும் உற்றுப் பாருங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் புருவம் போல ஒரு கோடு தெரியும், அது இலைத் தழும்பின் மிச்சம். கண்களை வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனால் கிழங்கைச் சுற்றி ஒரு சுருள்பாதை வரும். ஒரு கிளையில் இலைகள் சுற்றிச் சுற்றி அமைவதும் இப்படித்தான். மண்ணுக்குள் கொழுத்துப்போன கிளை அது. வெயிலில் வைத்தால் பச்சையாவதற்கும் அதுதான் காரணம். (பச்சையான உருளையைச் சமைக்க வேண்டாம், அதில் நஞ்சு ஏறியிருக்கும்.)

இஞ்சி, மஞ்சள், லங்குவாஸ் (அரத்தை) மூன்றிலும் வளையம் வளையமாகக் கோடுகள் இருக்கும். ஒவ்வொரு வளையமும் ஒரு கணு. ஆக, தண்டு. சேனையும் சேம்பும் தண்டுதான். கேரட், முள்ளங்கி வேர். வெங்காயத்தில் நாம் உரித்துத் தின்பது இலை. அடியில் வெட்டி எறிகிறோமே, ஒரு சில்லுக்காசு போல, அதுதான் அதன் தண்டு. வேர்கள் அந்தச் சில்லின் கீழிருந்துதான் தொங்குகின்றன.

சர்க்கரைவள்ளி? அங்கேதான் விதி கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. அது வேர், கணு கிடையாது. ஆனாலும் முளைக்கும், ஏனென்றால் சில செடிகளின் வேர் புதிதாக மொட்டை உண்டாக்கிக்கொள்ளும். கறிவேப்பிலையும் அப்படித்தான். தாய்மரத்தில் இருந்து மூன்றடி தள்ளித் திடீரென்று கன்று முளைக்கிறதே, அது விதையில் வந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் தோண்டிப் பாருங்கள், பெரும்பாலும் தாயின் வேரோடு ஒட்டியிருக்கும்.

மண்ணுக்கடியில் ஒளிந்திருக்கும் தண்டுகளில் என்னை அதிகம் அழவைத்தது லாலான் புல். எங்கள் தாமான் முன்பு ரப்பர் காடு, பிறகு சில காலம் சும்மா கிடந்த நிலம். வீடு வாங்கிய புதிதில் பாராங் கத்தியை எடுத்து லாலானை வெட்டினேன், பத்து நாளில் திரும்ப வந்தது. தீ வைத்தேன், இன்னும் அடர்த்தியாக வந்தது. பிறகுதான் சங்குளால் ஆழமாகக் கொத்தி ஒரு கொடியை உருவினேன். வெள்ளையாக, பளபளவென்று, முனை ஊசி போலக் கூர்மையாக, இரண்டடி நீளம். அதில் இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு கணு. ஒவ்வொரு கணுவிலும் காய்ந்த உறை போல ஒரு செதில் இலை, அதன் அடியில் மொட்டு. "வேர்" என்று நான் இத்தனை நாள் திட்டியது வேரே இல்லை. கொத்தித் துண்டு துண்டாக்கி அங்கேயே போட்டால் ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. உருவி எடுத்து வெயிலில் காயப்போட வேண்டும், அல்லது இரண்டு மூன்று மாதத்துக்கு வெளிச்சமே படாமல் தடித்த தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். நான் இரண்டையும் செய்தேன்.

இரண்டாம் படி: வேர் நுனியைப் பயறில் பாருங்கள்

மண்ணில் பிடுங்கிய வேரில் நுனி மிஞ்சாது, அதனால் பயறு. டிஷ்யூத் தாளை நனைத்து ஒரு மூடியுள்ள டப்பாவில் விரித்து, ஊறிய பச்சைப்பயறை நாலைந்து வையுங்கள். இரண்டு மூன்று நாளில் வேர் விரலளவு வந்துவிடும். முளையில் முதலில் வருவது வேர்தான், இலை பிறகு. முதலில் தண்ணீருக்கு வழி, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

நுனியில் தொப்பி மாதிரி ஒரு மூடி இருக்கிறது. மண்துகளில் உரசித் தேய்வது அதுதான். தேயத் தேய உள்ளிருந்து புதிதாக வரும், வழுவழுப்பான பசையையும் கசியும். அதற்கு நேர் பின்னால் செல்கள் பெருகும் இடம், அதற்குப் பின்னால் அவை நீளும் இடம். அப்படி நீள்வதால்தான் நுனி மண்ணுக்குள் தள்ளப்படுகிறது. இன்னும் சற்றுத் தள்ளிப் பாருங்கள். வெள்ளை வெல்வெட் துணி போல மெல்லிய முடிகள் அப்பியிருக்கும். அவைதான் வேர்த்தூவிகள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல்லின் நீட்சி. தண்ணீரும் அதில் கரைந்த உப்புகளும் பெருமளவு உள்ளே நுழையும் வாசல் இதுதான். தடித்த பழைய வேர் ஆளைத் தாங்கும் தூண், உறிஞ்சுவது நுனியோரத்து இந்த இளம்பகுதி.

விரலால் அந்த வெல்வெட்டை ஒரு தடவை தடவிவிடுங்கள். போய்விடும். கன்றைப் பையில் இருந்து மாற்றி நடும்போது நாம் செய்வதும் இதுதான். வேரில் ஒட்டிய மண்ணை உதறி, கழுவி, "சுத்தமாக" நட்டால் வேர்த்தூவிகள் எல்லாம் அறுந்துவிடும். இலைகள் மட்டும் வழக்கம் போலத் தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். வரவு நின்று செலவு தொடர்ந்தால் செடி தலை தொங்காமல் என்ன செய்யும்? எனவே மண் உருண்டை உடையாமல் நடுங்கள், மாலையில் நடுங்கள், இரண்டு மூன்று நாள் நிழல் கொடுங்கள். பெரிய கன்று என்றால் இலைகளில் பாதியைக் கிள்ளிவிடுவது தப்பில்லை.

மூன்றாம் படி: மழைக்குப் பிறகு இரண்டு களை பிடுங்குங்கள்

மாலை மழை விட்டதும் மண் நெகிழ்ந்திருக்கும் நேரம் பார்த்து, தானாக முளைத்த ஒரு பாயம் கீரைச் செடியையும் ஒரு புல் பற்றையையும் பிடுங்குங்கள். கீரையில் நடுவே ஒரு கனத்த வேர் நேராக இறங்கும், பக்கத்தில் மெல்லிய கிளைவேர்கள். இது ஆணிவேர். புல்லில் ஒரே கனத்தில் ஏகப்பட்ட வேர்கள் தண்டின் அடியிலிருந்து கொத்தாகக் கிளம்பும். இது சல்லிவேர். புல்லை உதறினால் எவ்வளவு மண் கூடவே வருகிறது பாருங்கள். சரிவான இடத்தில் மண் ஓடாமல் பிடித்துவைக்கப் புல் ஏன் நல்லது என்பது அந்த ஒரு உதறலிலேயே விளங்கிவிடும்.

நம் ஊரைச் சுற்றி இந்த இரண்டுக்கும் பெரிய அளவில் உதாரணம் நிற்கிறது. ரப்பர் மரம் ஆணிவேர்க்காரன். செம்பனை சல்லிவேர்க்காரன். செம்பனைக்கு ஆணிவேரே இல்லை. அடித்தூரில் இருந்து ஆயிரக்கணக்கில் விரல் கனத்து வேர்கள் கிளம்பிப் பக்கவாட்டில் ஓடும், உணவெடுக்கும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவிக் கிடக்கும். தோட்டத்தில் உரம் போடுகிறவர்கள் குழி தோண்டிப் புதைப்பதில்லை, மரத்தைச் சுற்றிலும் தூவிவிட்டுப் போகிறார்கள் என்றால் காரணம் இதுதான். உங்கள் வீட்டு எலுமிச்சைக்கும் இதைக் கவனியுங்கள். உரத்தைத் தண்டின் காலடியில் குவிக்காதீர்கள், அங்கே உறிஞ்சும் வேர் கிடையாது. கிளைகளின் நிழல் விழும் ஓரத்தை ஒட்டித் தூவுங்கள்.

மூன்றாவதாக ஒரு தொட்டாற்சிணுங்கியையும் தோண்டி எடுங்கள் (முள் குத்தும், துணி சுற்றிக்கொள்ளுங்கள்). இழுக்காமல், சங்குளால் சுற்றிலும் வெட்டி மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அலசுங்கள். வேரில் கடுகு, மிளகு அளவில் உருண்டைகள் ஒட்டியிருக்கும். நோய் என்று நினைத்துவிட வேண்டாம். நகத்தால் ஒன்றைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான பொருளுக்கு உறவான ஒன்று அங்கே இருக்கிறது. அந்த முடிச்சுகளுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றில் உள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஆகும் உரமாக மாற்றிக் கொடுக்கின்றன, செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. தோட்டங்களில் இளம் மரங்களுக்கு நடுவில் பயறு இனத்துக் கொடிகளைத் தரை தெரியாமல் படரவிடுவது மண்ணைக் காக்க மட்டுமல்ல, இந்த இலவச உரத்துக்காகவும்தான். உங்கள் பின்கட்டில் நீளப் பயத்தங்காய் போட்டால் அதே வேலை நடக்கும். காய்த்து முடிந்ததும் கொடியைப் பிடுங்காமல், தரையோடு வெட்டி வேரை மண்ணிலேயே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, வேருக்கு மூச்சு வேண்டும். மழைக்குப் பஞ்சமில்லாத ஊரில் செடி தண்ணீர் இல்லாமல் சாவதைவிடத் தண்ணீரில் சாவதுதான் அதிகம். தாமான் வீடுகளில் கட்டுமானக்காரர்கள் கொட்டிய களிமண் மழையில் சேறாகி, இடைவெளிகள் அடைந்து, உள்ளே காற்றே இருக்காது. வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் உறிஞ்ச முடியாது, மேலே இலை வாடும். இலை வாடுவதைப் பார்த்து நாம் இன்னும் ஒரு வாளி ஊற்றுவோம்! வாடிய செடியைக் கண்டால் முதலில் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தும் வாடினால் சிக்கல் வேரில். மேடான பாத்தி கட்டுங்கள், மண்ணில் மணலும் மக்கிய குப்பையும் கலந்து விடுங்கள். சேற்றிலேயே வாழும் மரங்கள் இதற்குத் தனி வழி வைத்திருக்கின்றன. தைப்பிங் பக்கம் கோலசெபெத்தாங் போனால் மாத்தாங் அலையாத்திக் காட்டில் மரப்பாதை போட்டிருக்கிறார்கள், 1902 முதல் முறையாகப் பராமரிக்கப்படும் காடு. சேற்றில் இருந்து ஆயிரம் பென்சிலை நட்டுவைத்தது போல மேலே நீட்டிக்கொண்டு நிற்பவை அங்கே மூச்சு வேர்கள். பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போங்கள்.

நான்காம் படி: தண்டுக்குள் தண்ணீர் ஏறும் பாதை

காசித்தும்பைத் தண்டு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை, தோல் கண்ணாடி மாதிரி இருக்கும். டம்ளரில் கால்வாசி தண்ணீர் எடுத்து, கேசரிக்குப் போடும் சிவப்புச் சாயத்தைத் தாராளமாகக் கலந்து, தண்டைச் சாய்வாக வெட்டி நிறுத்துங்கள். ரோஸ் சிராப்பில் வைக்க வேண்டாம், அந்தக் கெட்டிச் சர்க்கரை சரியாக ஏறாது. சில மணி நேரத்தில் சிவப்புக் கோடுகள் தண்டில் ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். குறுக்கே மெல்லியதாக நறுக்கினால் வட்டமாகச் சிவப்புப் புள்ளிகள். அவைதான் சைலம், தண்ணீர்க் குழாய்கள். மேலே இலைகளில் தண்ணீர் ஆவியாகப் போகப் போக, கீழே உள்ள தண்ணீர் நூல் போல இழுபட்டு மேலேறுகிறது. பம்பு எதுவும் கிடையாது.

சரி, இலையில் தயாரான உணவு கீழே எப்படி வருகிறது? இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதில் தோட்டத்து லயத்து வீட்டின் பின்னால் இருந்த கொய்யா மரத்தின் ஒரு கிளையில் துணி காயப்போடக் கம்பி கட்டினேன். சுற்றி இறுக்கி, முறுக்கிவிட்டேன். இரண்டு மூன்று வருடம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கிளை பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் புதைந்தது. கம்பிக்கு மேல் பக்கம் குண்டாக வீங்கிவிட்டது, கீழ்ப் பக்கம் அப்படியே ஒல்லியாக நின்றது. அப்பா பார்த்துவிட்டு, "கழுத்தை நெரிச்சு வெச்சிருக்கியேடா" என்றார். நான் நெரித்தது பட்டையில் ஓடும் புளோயத்தை, அதாவது இலையில் இருந்து உணவைக் கீழே கொண்டுவரும் குழாய்களை. உள்ளே மரக்கட்டையில் உள்ள தண்ணீர்க் குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் இலை பச்சையாகவே இருந்தது. உணவு மட்டும் கம்பிக்கு மேலே தேங்கி வீங்கிவிட்டது. கன்றை முளைக்குச்சியோடு கட்டும்போது எப்போதும் எட்டு வடிவில், தளர்வாக, துணியால் கட்டுங்கள்.

இன்னொன்றும் அந்தக் கொய்யாவில் பார்த்தேன். மரம் எவ்வளவோ வளர்ந்தது, கம்பி நின்ற உயரம் மட்டும் மாறவே இல்லை. மரம் நுனியில்தான் உயரும், நடுவில் நீளாது. பள்ளிக்கூட மரத்தில் பேர் செதுக்கியவர்கள் இப்போது போய்ப் பார்த்தாலும் அதே உயரத்தில்தான் இருக்கும், எழுத்துகள் மட்டும் அகலமாகியிருக்கும்.

எழுத்து ஏன் அகலமாகிறது? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது, கேம்பியம். அது உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். செம்பருத்திக் குச்சியின் பட்டையை உரித்து, உள்ளே வெள்ளைக் கட்டையைத் தடவினால் வழவழவென்று ஒட்டுமே, அந்த வழவழப்பு இருக்கும் இடம்தான் அது. நம் அப்பா அம்மாக்களின் சோறு இந்தப் படலத்தை நம்பித்தான் இருந்தது. ரப்பர்ப் பால் ஓடும் குழாய்கள் பட்டையில், கேம்பியத்துக்கு மிக அருகில்தான் நெருக்கமாக இருக்கின்றன. கத்தி ஆழமாகப் போனால்தான் பால் நிறைய வரும். கேம்பியத்தைத் தொட்டுவிட்டாலோ அந்த இடத்தில் பட்டை திரும்பச் சீராக வளராது, முண்டு முண்டாகிவிடும். ஆக, ஒரு மில்லிமீட்டர் சொச்சத்தை மிச்சம் விட்டு வெட்ட வேண்டும், அதுவும் விடியாத இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில். என் அம்மாவுக்குக் கேம்பியம் என்ற சொல்லே தெரியாது. ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டர் அவர் கைக்குத் தெரியும். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வந்து மரத்தில் காயத்தை எண்ணுவாராம், அம்மாவின் நிரையில் எண்ண வேலை இருக்காதாம்.

கீறல் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து இருப்பதும் சும்மா இல்லை. பால்குழாய்கள் நேர்க்குத்தாக நிற்காமல், மேலே போகப் போக லேசாக வலப்பக்கம் சாய்கின்றன. குழாய்களின் சாய்வுக்கு எதிராக இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். விடியும் முன் வெட்டுவதற்கும் தண்டின் கதைதான் காரணம். இரவில் இலைகள் தண்ணீரை அதிகம் விடுவதில்லை, மரம் நிறைந்து பட்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கும், பால் வேகமாக ஓடும். வெயில் ஏறி இலைகள் வேலையைத் தொடங்கினால் அழுத்தம் குறையும், பால் பிடிக்கும் மங்கில் விழும் சொட்டும் குறையும். கேம்பியத்தைக் கெடுக்காமல் பட்டையை மெல்லியதாகச் சீவியெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக 1888-இல் வந்த ரிட்லி வகுத்துப் பரப்பினார். அதற்கு முன்னால் 1877-இலேயே பேராக்குக்குக் கன்றுகள் வந்துவிட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. நம் ஊரிலிருந்து பக்கம்தான், அந்தப் பக்கம் போனால் நின்று ஒரு தடவை தொட்டுவிட்டு வாருங்கள்.

ஒரு சின்னத் திருத்தம்: ரப்பர்ப் பால் மரத்தின் சாறு இல்லை. சைலத்தில் ஏறும் தண்ணீர் வேறு, புளோயத்தில் இறங்கும் சர்க்கரைச் சாறு வேறு, பால் அதற்கென்று தனிக் குழாயில் இருக்கும் மூன்றாவது பொருள்.

ஐந்தாம் படி: பனை, வாழை என்றால் கணக்கு வேறு

தென்னையோ செம்பனையோ வெட்டிச் சாய்த்த இடம் கிடைத்தால் அடிமரத்தின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். வளையம் இருக்காது, புள்ளி புள்ளியாகச் சிதறியிருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் சைலமும் புளோயமும் சேர்ந்த ஒரு கட்டு. கேம்பியம் இல்லை, ஆகவே ரப்பர் போல வருடா வருடம் பருப்பதும் இல்லை. செம்பனைக் கன்று முதல் சில வருடங்கள் உயராமல் அடியில் அகலமாகிக்கொண்டே இருப்பது இதனால்தான். முதலில் அகலத்தை முடித்துக்கொண்டு, பிறகு உயரத் தொடங்கும். பட்டையில் கத்தி பட்டால் வடு ஆறாது. உச்சியில் ஒரே ஒரு வளர்முனை, அதுதான் நாம் சமைக்கும் உம்புட், அதாவது குருத்து. அதை எடுத்தால் மரம் முடிந்தது. எனவே தென்னையைக் "கவாத்து" செய்கிறேன் என்று யாராவது உச்சியில் கத்தி வைத்தால் தடுத்துவிடுங்கள்.

வாழையில் நாம் மரம் என்று கட்டிப்பிடிப்பது மரமே இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாகச் சுருண்ட இலையுறைகள். உண்மையான தண்டு மண்ணுக்குள் குண்டாக உட்கார்ந்திருக்கும் கிழங்கு. பூக்கும் பருவத்தில் மட்டும் அது நடுவே மேலேறிக் குலையாக வெளிவரும். பொரியல் செய்யும் வாழைத்தண்டு அந்த ஏறிவந்த பகுதிதான். குலை வெட்டிய மரத்தில் மறுபடி காய்க்காது. கன்று எடுக்கும்போது இலை ஈட்டி மாதிரி குறுகியிருக்கும் கன்றை, கிழங்கோடு சேர்த்துத் தோண்டி எடுங்கள். சிறு வயதிலேயே அகல இலை விட்ட கன்று பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கிழங்கோடு பிடிப்பு குறைவு, குலையும் சிறியதாகத்தான் வரும்.

ஆறாம் படி: எதை நடுவது

மரவள்ளிக்கு முற்றிய குச்சி, ஒரு சாண் நீளம், குறைந்தது ஐந்தாறு கணு. நுனிப்பச்சைக் குச்சி அழுகிவிடும். முருங்கைக்குக் கை கனத்தில் மூன்றடிக் கிளை. வெட்டியதும் நடாமல், வெட்டுவாய் காய இரண்டு மூன்று நாள் நிழலில் சாத்தி வையுங்கள். சர்க்கரைவள்ளிக்குக் கிழங்கைவிடக் கொடி நல்லது, ஒரு முழக் கொடியில் பாதிக் கணுக்கள் மண்ணுக்குள் இருக்க வேண்டும். சயூர் மானிஸ் கீரையும் குச்சியில் வரும். கங்குங் கீரையைக் கடையில் வாங்கிச் சமைத்துவிட்டு, மிஞ்சிய அடித்தண்டைத் தண்ணீரில் போட்டாலே சில நாளில் கணுக்களில் வெள்ளை வேர் தெரியும். இஞ்சி, மஞ்சளுக்கு இரண்டு மூன்று மொட்டுள்ள துண்டு போதும்.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விஷயம், தலைகீழாக நடாதீர்கள். மரவள்ளிக் குச்சியின் இலை எல்லாம் போன பிறகு எது மேல் என்று குழப்பம் வரும். முதல் படியில் பார்த்த தழும்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தழும்பு கீழே, மொட்டு அதற்கு மேலே. மொட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். தலைகீழாக நட்டால் சில சமயம் பிழைக்கும், ஆனால் முளை வளைந்து திணறித்தான் மேலே வரும். வெட்டும்போதே கீழ்முனையைச் சாய்வாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டிக்கொண்டால் குழப்பமே வராது.

குச்சியில் எளிதில் வேர் பிடிக்காத கொய்யா, எலுமிச்சை வகைகளுக்குத் தூட், அதாவது விண்பதியம், கட்டலாம். என் கம்பிக் கதையை வேண்டுமென்றே செய்வதுதான் இது. பென்சிலைவிடக் கொஞ்சம் தடித்த கிளையில், இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தெடுங்கள். உள்ளே உள்ள வழவழப்பைக் கத்தியின் முதுகால் சுரண்டி, துணியால் துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். இதில்தான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். கேம்பியம் கொஞ்சம் மிஞ்சினாலும் பட்டை மறுபடி பாலம் போட்டுக்கொள்ளும், வேர் வராது. பிறகு நனைத்துப் பிழிந்த தேங்காய் நாரும் மண்ணும் கலந்து ஒரு கைப்பிடி அப்பி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி இரு முனையிலும் இறுகக் கட்டுங்கள். தண்ணீர் கட்டை வழியாக ஏறிக்கொண்டே இருக்கும், இறங்கிவரும் உணவு வளையத்தின் மேல்விளிம்பில் தேங்கும், அங்கேதான் வேர் விடும். ஒன்றரை இரண்டு மாதத்தில் பிளாஸ்டிக் வழியாக வேர்கள் தெரியும். முதலில் வெள்ளையாக இருக்கும், அப்போதே வெட்டிவிடாதீர்கள். பழுப்பாகிக் கிளைத்த பிறகு, கட்டுக்குக் கீழே அறுத்து, பிளாஸ்டிக்கை மட்டும் நீக்கி, உருண்டை உடையாமல் பையில் வையுங்கள்.

அந்தத் தங்கச்சி இந்த மாதம் மரவள்ளி தோண்டினார். ஒரு செடியில் நாலு கிழங்கு, முழங்கை நீளம். எங்களுக்கும் இரண்டு வந்தது. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அடுத்த நடவுக்கான குச்சிகளை ஒரு சாண் ஒரு சாணாக வெட்டி, சுவரோரம் நிழலில் சாத்தி வைத்திருந்தார். எல்லாக் குச்சிக்கும் சாய்வெட்டு கீழே.